பெட்டியில் இடமில்லை

அக்டோபர் 1, செவ்வாய்

எழுத ஆரம்பித்ததற்கு முதலில் மன்னிக்க வேண்டும். இது என் டைரி இல்லை. போன வருடத்தது. அட்டையில் 'வைரவேல் நகர் குடியிருப்போர் நலச் சங்கம்' என்று மஞ்சள் எழுத்தில் அச்சடித்திருக்கிறது. அலமாரியைச் சுத்தம் செய்தபோது பழைய பேப்பரோடு கட்டப் போனேன். "வச்சுக்கம்மா, குறிப்பு எழுத ஆகும்" என்றார் செயலாளர் சௌந்தரம் சார். சங்கத்துக் குறிப்பு எழுதத்தான் கொடுத்தார். என்னைப் பற்றி எழுத இல்லை. அச்சிட்ட தேதியை அடித்துவிட்டு மேலே இந்த வருடத் தேதியைப் போட்டுக்கொள்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. பூங்காவை ஒட்டிய ஒற்றை அறைதான் அலுவலகம். ஒரு கணினி, கேமரா பார்க்கும் திரை ஒன்று, கேட்டைப் பார்த்த ஜன்னல். சந்தா கட்டுகிறவர்களுக்கு ரசீது கொடுப்பதும், வெளியாட்கள் பதிவேட்டைச் சரிபார்ப்பதும், சனிக்கிழமைதோறும் 'நகர் மடல்' தயாரிப்பதும் என் வேலை. மடல் ஒரே ஒரு தாள். நான்கு அறிவிப்புப் பலகைகளில் ஒட்டி, வாட்ஸ்அப் குழுவிலும் போட வேண்டும். தண்ணீர் வரும் நேரம், மின்தடை, காணாமல் போன பூனை எல்லாம் கீழே வரும். மேலே கறுப்புக் கட்டம் போட்ட பெட்டி ஒன்று உண்டு. தலைப்பு, 'பாதுகாப்பு'.

"அந்தப் பெட்டி மட்டும் காலியாப் போகக் கூடாதும்மா" என்றார் சார். "காலியா இருந்தா சங்கம் தூங்குதுன்னு நினைப்பாங்க."

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கியது நான்தான் முதல். நேர்முகத்தில் சார் அதைக் கேட்டுப் பாராட்டினார். அப்பா இல்லை என்றேன். அம்மா என்ன செய்கிறார்கள் என்று கேட்டார்.

"சுகாதாரத் துறையில சார்."

"நர்ஸா? நல்லது, நல்லது."

நான் பதில் சொல்வதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 3, வியாழன்

அம்மா வீட்டுக்கு வந்ததும் முதலில் கையைத்தான் கழுவுவாள். மூன்று முறை சோப்புப் போட்டாலும் மருந்து வாடை போகாது. வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியில் டார்ச் அடித்து, கொசுப்புழு இருக்கிறதா என்று பார்த்து மருந்து ஊற்றும் வேலை. ஒப்பந்தக்காரர் கீழே ஐந்து வருடமாகப் பார்க்கிறாள். பெயர் பேச்சியம்மாள். ஒப்பந்தத் தாளில் மஸ்தூர், அதாவது கூலியாள், என்று போட்டிருக்கும்.

"பாப்பா, அடுத்த வாரத்துல இருந்து எனக்கு ஒங்க ஏரியாவப் போட்டுட்டாங்க" என்றாள்.

"எங்க ஏரியான்னா?"

"வைரவேல் நகருதான். செவ்வாக்கெழமதோறும்."

நான் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள்.

"பயப்படாத. ஒன்னையத் தெரிஞ்ச மாதிரியே காட்டிக்க மாட்டேன். நீ பாட்டுக்கு ஒன் வேலையப் பாரு."

நான் எதுவும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"ஒண்ணே ஒண்ணு மட்டும் செய்யி. ஒங்க பேப்பர்ல ஒரு வரி போட்டுவிடு. செவ்வாக்கெழம கொசுப்புழு பாக்க ஆளு வரும், கதவத் தொறந்து விடுங்கன்னு. அது இருந்தாப் போதும். இல்லாட்டி நாயக் கண்ட மாதிரி வெரட்டுவாக."

பார்க்கிறேன் என்றேன்.

அக்டோபர் 5, சனி

மடல் போயிற்று. பெட்டியில் மூன்றாம் தெருவில் தெருநாய் கடித்த செய்தி. அம்மா கேட்ட வரிக்கு இடமில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பத்து மணிக்கு அம்மா கேட்டுக்குள் நுழைவதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெயிலுக்கும் மருந்து வாடைக்கும் முகத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருந்தாள். கண் மட்டும் தெரிந்தது. தோளில் பை. காவலாளி மாயாண்டி அண்ணனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். அவர் உட்கார்ந்தபடியே செடிக்குத் தண்ணீர் விடும் குழாயைக் கையால் காட்டினார். அலுவலகத்தில் குடிநீர் கேன் இருக்கிறது. நான் ரசீதுக் கட்டுகளுக்கு எண் போட்டுக்கொண்டிருந்தேன்.

குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு, துண்டை மறுபடி கட்டிக்கொண்டு, என் ஜன்னலைத் தாண்டிப் போனாள். சொன்னபடியே என் பக்கம் திரும்பவில்லை.

வீட்டில் கால் அமுக்கிக்கொண்டே சொன்னாள். பார்த்த வீட்டுச் சுவரில் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். உள்ளே உள்ள எண், தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் தொட்டி, வாளி, அண்டாவின் கணக்கு. வட்டத்துக்குக் கீழே கோடு போட்டால் புழு இருக்கிறது என்று அர்த்தம்.

"இருவத்தேழாம் நம்பர்ல வேலைக்காரம்மா உள்ள விட்டுச்சு. தரைத்தொட்டியப் பாத்தா புழு அப்படியே நெளியுது. நேரம் பாத்து மருந்து தீந்துபோச்சு. அடுத்த செவ்வா ஊத்திரணும். அந்த வீட்ல ஒரு பாப்பா இருக்கு. வாசல்ல ஒக்காந்து நான் போட்ட வட்டத்தப் பாத்துத் தரையில அதே மாதிரி போட்டுக்கிட்டு இருந்துச்சு."

மிதுனாவைத்தான் சொல்கிறாள். ஒன்றாம் வகுப்புப் படிக்கிறாள். மாலையில் அலுவலகத்துக்கு வந்து பழைய மடல்களின் பின்பக்கத்தில் படம் வரைவாள். அவளுடைய அம்மா வசுந்தரா மேடம் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கிறார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

வசுந்தரா மேடம் தங்கள் மதில்சுவரைப் படம் பிடித்துக் குழுவில் போட்டிருந்தார்கள். வட்டம், உள்ளே 4, கீழே ஒரு கோடு. 'இது என்ன? யார் போட்டது?'

மதியத்துக்குள் நூற்றுப் பதினெட்டு பதில்கள். எனக்கு நினைவில் நிற்பவை இவை.

'திருடங்க போடுற அடையாளம். எங்க மாமா ஊர்லயும் இப்படித்தான்.'

'வட்டம்னா பொம்பளைங்க இருக்கிற வீடு. கோடு போட்டா பகல்ல ஆம்பளை இல்லைன்னு அர்த்தம்.'

'4ன்னா நாலு பேரா, நாற்பது பவுனா?'

'எங்க வீட்ல போடவே இல்ல சார். ஒண்ணும் தேறாதுன்னு கண்டுபிடிச்சுட்டான் போல.'

கடைசியாகச் சொன்னதற்கு நிறையச் சிரிப்பு முகங்கள்.

அக்டோபர் 11, வெள்ளி

சார் கைபேசியை என் முன்னால் நீட்டினார். "ஏம்மா ஜீவிதா, நீ படிச்ச பொண்ணு. இது என்னன்னு உனக்கு ஏதாவது தெரியுதா?"

"தெரியலை சார்."

"சரி, பெட்டியில போட்ரு. நல்லவேளை, இந்த வாரம் ஒண்ணுமே இல்லையேன்னு பார்த்தேன்."

அக்டோபர் 12, சனி

பெட்டியில் போட்டது இது.

'நம் நகரில் சில வீட்டுச் சுவர்களில் சந்தேகத்துக்குரிய குறிகள் காணப்படுகின்றன. இவற்றை இடுவோரைக் கண்டால் உடனே பிடித்து அலுவலகத்தில் ஒப்படைக்கவும்.'

சார் 'குறிகள்' என்று மட்டும்தான் சொன்னார். 'சந்தேகத்துக்குரிய' நான் சேர்த்தது. வரியில் இடம் இருந்தது.

மாலையில் ஒரு பிரதி என் பையிலேயே வீட்டுக்கு வந்துவிட்டது. அம்மா பார்த்துவிட்டாள்.

"என்ன பாப்பா, போட்டியா?"

"போட்டாச்சும்மா."

"எங்க, வாசி."

அம்மாவுக்கு எண்கள் தெரியும், கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. நான் தாளைப் பிடித்துக்கொண்டு வாசித்தேன். "செவ்வாய்க்கிழமைகளில் கொசுப்புழு பார்க்க ஆள் வருவார்கள். கதவைத் திறந்து விடுங்கள்."

"இன்னொருக்கா வாசி."

வாசித்தேன். தாளை வாங்கி நான்காக மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். "எவனாச்சும் கேட்டா எடுத்துக் காட்டலாம்ல" என்றாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை. அம்மா நனைந்து வந்தாள். பேப்பரில் போட்ட பிறகும் ஒரு கதவுகூடத் திறக்கவில்லையாம். இருபத்தேழில் ஜன்னலைச் சாத்திவிட்டார்களாம். "பெரிய வீட்டு ஆளுக, பேப்பர் படிக்க எங்க நேரம்" என்றாள்.

அக்டோபர் 17, வியாழன்

கேமராவில் செவ்வாய்க்கிழமைப் பதிவை ஓட்டிப் பார்க்கச் சொன்னார் சார். பார்த்தோம். முகத்தை மூடிய ஒரு பெண். கையில் டார்ச். மூன்று மதில்களை எட்டிப் பார்க்கிறாள்.

"பாத்தியா, பட்டப்பகல்ல டார்ச்சு" என்றார்.

அக்டோபர் 19, சனி

பெட்டியில் படம் வந்தது. படத்தின் வலது ஓரத்தில் அம்மாவின் தோள்பை தெரிந்தது. கல்லூரிக் கருத்தரங்கில் எனக்குக் கொடுத்த பை, நான் படித்த துறையின் பெயர் அச்சிட்டது. அந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். நீள அகலம் சரியாக வர வேண்டுமே.

படத்தின் கீழே, 'அடையாளம் தெரியாத பெண். எச்சரிக்கை.'

அக்டோபர் 21, திங்கள்

நாளைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் இரு என்றேன் அம்மாவிடம். மழைதான் காரணம் என்றேன்.

"இருவத்தேழுக்கு மருந்து ஊத்தணும் பாப்பா. ரெண்டு வாரம் ஆச்சு. இந்நேரம் ரெக்கை மொளச்சிருக்கும்."

மேற்கொண்டு நான் வற்புறுத்தவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பதினொரு மணிக்கு மாயாண்டி அண்ணன் ஜன்னலில் வந்து, "பாப்பா, சார் கூப்புடுறாரு. பதிவேட்ட எடுத்துக்கிட்டு வா. அகப்பட்டுட்டா" என்றார்.

இருபத்தேழாம் எண் வீட்டு வாசலில் பதினைந்து இருபது பேர். வேலைக்காரப் பெண்மணி கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறார். அம்மா தரைத்தொட்டி மூடியைத் தூக்கிக் குனிந்திருந்தபோது வசுந்தரா மேடம் மாடியிலிருந்து பார்த்துக் கத்தியிருக்கிறார்கள். தொட்டி திறந்தே கிடந்தது. மருந்துப் பாட்டில் வசுந்தரா மேடம் கையில் இருந்தது. இன்னும் மூடி திறக்காத பாட்டில்.

"தண்ணியில என்னடி கலக்க வந்த?"

"கொசு மருந்துங்கம்மா. கலக்கலைங்க, இன்னும் தொறக்கவே இல்ல."

"கார்டு எங்க?"

"ஏரியா மாத்துனதுல பழச வாங்கிக்கிட்டாக. புதுசு இன்னும் குடுக்கலீங்க. சூப்பரைசருக்குப் போனடிச்சுக் கேளுங்க." நம்பரை மனப்பாடமாகச் சொன்னாள். சார் தன் கைபேசியில் அழைத்தார். யாரும் எடுக்கவில்லை.

துண்டை யாரோ இழுத்தார்கள். அம்மா முகம் வியர்த்திருந்தது. அப்போதுதான் பையில் கையை விட்டு அந்தத் தாளை எடுத்தாள்.

"இந்தா பாருங்க சார், ஒங்க பேப்பர்லயே போட்ருக்குல. செவ்வாக்கெழம ஆளு வரும்னு."

வசுந்தரா மேடம் வாங்கிப் பிரித்தார்கள். உரக்கப் படித்தார்கள். 'சந்தேகத்துக்குரிய குறிகள் காணப்படுகின்றன. இவற்றை இடுவோரைக் கண்டால் உடனே பிடித்து.'

கூட்டம் சிரித்தது.

"நம்மளப் பத்தி என்ன எழுதிருக்காங்கன்னு நோட்டீஸையே கிழிச்சு வச்சுக்கிட்டுத் திரியுறா சார்."

"பெரிய கைதான் போல."

சார் என் பக்கம் திரும்பினார். "ஜீவிதா, நாம அப்படி ஏதாவது போட்டோமா?"

"இல்லை சார்."

அம்மா என்னைப் பார்த்தாள். இந்த நகருக்குள் அவள் என்னைப் பார்த்தது அந்த ஒரு தடவைதான். பிறகு சாரைப் பார்த்துச் சொன்னாள்.

"அப்ப நாந்தான் தப்பாக் கேட்டுருப்பேன் சார்."

"சரி, எழுதிக்கம்மா. பேரு?"

"பேச்சியம்மா."

"இங்க யாரையாவது தெரியுமா உனக்கு?"

வெளியாட்கள் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம் உண்டு. 'நகரில் தெரிந்தவர்.'

"யாரையும் தெரியாதுங்க."

'யாருமில்லை' என்று எழுதினேன். பேனா நன்றாகத்தான் எழுதியது.

சூப்பரைசர் அழைக்கும் வரை சும்மா நிற்க வைப்பானேன் என்று யாரோ சொன்னார்கள். போட்ட குறியை அவளையே அழிக்கச் சொல்லலாம் என்று இன்னொருவர். ஒரு வாளித் தண்ணீர் வந்தது. மழையில் கரையாமல் மிச்சமிருந்த வட்டங்களை, முகத்தில் கட்டியிருந்த துண்டாலேயே ஒவ்வொரு சுவராகத் துடைத்தாள். நான்கைந்து பேர் படம் பிடித்துக்கொண்டு கூடவே போனார்கள். "கீழ இன்னும் தெரியுது பாரு, நல்லா தேயி." பள்ளி விடுமுறை என்பதால் மிதுனாவும் வந்துவிட்டாள். என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, இவங்கதான் திருடங்களா?"

உள்ளே போய்ப் படம் வரை என்றேன்.

ஒன்பதாவது வீட்டில் அம்மாவின் இடுப்பில் கைபேசி ஒலித்தது. சூப்பரைசராக இருக்கும்.

"யாருக்குடி சொல்லி வச்சிருக்க? போனக் குடு."

அம்மா கொடுக்கவில்லை. இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். அதுவரை சொன்னதையெல்லாம் செய்தவள், போனை மட்டும் கொடுக்கவில்லை. திரையைத் திறந்தால் என்ன படம் வரும் என்று எனக்குத் தெரியும். கறுப்பு அங்கி போட்டு, கையில் பட்டத்தோடு நான் நிற்கும் படம்.

மாயாண்டி அண்ணன் கையைப் பிடித்து முறுக்கினார். பின்னால் யாரோ தள்ளினார்கள். வாளி மேல் விழுந்தாள். மணிக்கட்டில் ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் போன் இடது கைக்குள்தான் இருந்தது.

அரை மணி நேரத்தில் சூப்பரைசர் பைக்கில் வந்தார். எங்க ஆளுதான் சார் என்றார். கூட்டம் ஒவ்வொருவராகக் கலைந்தது. "யூனிஃபார்மும் கார்டும் இல்லாம அனுப்புனா நாங்க என்ன செய்யிறது" என்றார் சௌந்தரம் சார். வசுந்தரா மேடம் தொட்டி மூடியைக் காலால் தள்ளி மூடினார்கள்.

பாட்டிலைச் சார் அலுவலக அலமாரியில் வைத்தார். "சூப்பரைசர் வந்து கேட்டா குடுத்துரு" என்றார்.

ஐந்து மணி வரை வேலை பார்த்தேன்.

அக்டோபர் 23, புதன்

அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. வீடியோ எல்லா இடத்துக்கும் போய்விட்டதாம். ஒப்பந்தக்காரர் 'கை சரியாகட்டும், பார்ப்போம்' என்று சொல்லிவிட்டார். எங்கள் நகருக்கு இனி ஆள் அனுப்பப் போவதில்லையாம். வம்பு எதற்கு என்றாராம்.

ஆஸ்பத்திரி வரிசையில் அம்மா கேட்டது ஒன்றுதான். பேப்பரைப் பற்றி இல்லை.

"இருவத்தேழுக்கு மருந்து ஊத்திட்டாகளா பாப்பா?"

"ஊத்திட்டாங்கம்மா."

அக்டோபர் 26, சனி

சார் சொல்லச் சொல்ல அடித்தேன். 'செவ்வாயன்று நகருக்குள் நுழைந்த பெண், விசாரணையில் கொசு ஒழிப்புப் பணியாளர் எனத் தெரிய வந்தது. எனினும் விழிப்புடன் செயல்பட்ட 27ஆம் எண் வீட்டாருக்குப் பாராட்டுகள். அட்டை இல்லாத எவரையும் அனுமதிக்க வேண்டாம்.'

பிழை ஏதும் இல்லை. இரண்டு முறை சரிபார்த்தேன்.

அக்டோபர் 28, திங்கள்

குழுவில் வீடியோ இன்னும் ஓடுகிறது. 'எங்க வீட்டுச் சுவருக்கும் வெள்ளையடிக்க அனுப்புங்க சார், தீபாவளி வருது' என்று ஒருவர். சிரிப்பு முகங்கள் எத்தனை என்று எண்ணினேன். முப்பத்தொன்று. பெயர்களையும் வீட்டு எண்களையும் எழுதி வைத்திருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை.

அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். ஒரு கையால் கொண்டை போட வரவில்லை.

அக்டோபர் 30, புதன்

வசுந்தரா மேடம் அலுவலகத்துக்கு வந்து முறுக்கும் அதிரசமும் கொடுத்தார்கள். "அம்மா நர்ஸ்தானே ஜீவி, டியூட்டியில பலகாரம் செய்ய நேரம் இருந்திருக்காது. அவங்களுக்கும் சேர்த்து வச்சிருக்கேன்" என்றார்கள். அவர்கள் பின்னால்தான் அலமாரி. பாட்டிலைப் பார்த்தேன். பல வீடுகளுக்கு வரும் மருந்து. இருபத்தேழாம் எண் தொட்டிக்கு ஒரு மூடி போதும்.

நன்றி மேடம் என்றேன்.

அம்மா இடது கையால் முறுக்கைக் கடித்தாள். "நல்லா மொறுமொறுன்னு இருக்கு. யாரு குடுத்தா?"

"ஆபீஸ்ல."

நவம்பர் 2, சனி

பெட்டியில் பட்டாசுக் குப்பை. இடமில்லை.

நவம்பர் 5, செவ்வாய்

மிதுனா வந்து படம் வரைந்தாள். முழங்கால் இரண்டிலும் சிவப்புத் தடிப்பு. "பகல்லயே கொசு கடிக்குது அக்கா" என்றாள். எச்சில் தொட்டு வை என்றேன்.

இன்று செவ்வாய்க்கிழமை. யாரும் வரவில்லை. பாட்டில் அலமாரியில் இருக்கிறது.

நவம்பர் 9, சனி

மிதுனாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சலாம். பள்ளிக்குப் போகவில்லையாம்.

பெட்டியில் சைக்கிள் திருட்டு.

நவம்பர் 11, திங்கள்

குழுவில் வசுந்தரா மேடத்தின் கணவர் எழுதியிருந்தார். மிதுனா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறாள். டெங்கு. இரத்தத் தட்டணுக்கள் இருபத்திரண்டாயிரத்துக்கு இறங்கிவிட்டன. இரத்தம் கொடுக்க முடிந்தவர்கள் வரவும். எல்லோரும் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். ஒருவர், 'நம்ம ஏரியாவுக்கு மருந்தடிக்கக்கூட எவனும் வர்றதில்லை' என்று எழுதியிருந்தார். அதற்கும் கைகூப்பும் படங்கள்.

வீட்டில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அம்மா விடவில்லை, என்ன என்று கேட்டாள். ஒரு பாப்பாவுக்கு டெங்கு என்றேன்.

"எந்த வீடு?"

சொன்னேன்.

அம்மா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஊத்திட்டாகன்னு சொன்னியே" என்றாள். பிறகு அவளே, "அப்ப நாந்தான் தப்பாக் கேட்டுருப்பேன்" என்றாள்.

நவம்பர் 12, செவ்வாய்

மாட்டுத்தாவணியிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து, அலுவலகத்தைத் திறந்ததும் பாட்டிலை எடுத்தேன். இருபத்தேழாம் எண் வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரியில். கேட் சாவி மாயாண்டி அண்ணனிடம் இருக்கும்.

"என்ன பாப்பா, ஒனக்கு எதுக்கு இந்த வேல?"

"தொறங்கண்ணே."

தொட்டி மூடியைத் தூக்கினேன். என் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். அம்மா சொன்னது போலத்தான் நெளிந்தது. அம்மா சொல்லிக்கொடுத்த அளவை ஊற்றினேன். கை முழுக்க அந்த வாடை.

"இதெல்லாம் ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றார் மாயாண்டி அண்ணன்.

"நீங்க கையை முறுக்குனீங்கல்ல, அவங்க மக நான்."

அவர் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல பாப்பா" என்றார்.

ஆமாம்.

பிறகு அக்டோபர் எட்டாம் தேதி கோடு போட்டிருந்த வீடுகளை நினைவில் இருந்து எடுத்தேன். அம்மா வரிசையாகச் சொல்லியிருந்தாள். ஒன்பது, பதினான்கு, முப்பத்தொன்று. மூன்றுக்கும் ஊற்றினேன். பதினான்கில் யார் நீ என்று கேட்டார்கள். சங்க ஆபீஸ் என்றதும் கேட் திறந்துவிட்டது. அவ்வளவு எளிதாக இருந்தது. சுவரில் வட்டம் போட்டுவிட்டு வந்தேன்.

நவம்பர் 13, புதன்

சௌந்தரம் சாருக்கு.

இந்த டைரியை உங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகிறேன். சங்கத்துப் பொருள். முழுவதும் படித்தால் என்ன நினைப்பீர்களோ தெரியாது. நேரில் சொல்ல எனக்கு வராது என்பது இரண்டு மாதத்தில் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். உள்ளே விடவில்லை. தட்டணுக்கள் பதினெட்டாயிரம் என்றார்கள். வசுந்தரா மேடம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அம்மாகிட்ட கேட்டுச் சொல்லு ஜீவி, அவங்க நர்ஸ்தானே, இதுக்கு மேல இறங்காதுல்ல?" என்று கேட்டார்கள். என் அம்மா நர்ஸ் இல்லை, நீங்கள் சுவர் துடைக்க வைத்தவர்தான் என் அம்மா என்றேன். பிடித்திருந்த கையை அவர்கள் விடவில்லை. எதற்காக என்று எனக்குப் புரியவில்லை. நான் சொன்னது காதில் விழவில்லையோ என்னவோ. தொட்டியில் புழு இருந்தது எனக்கு ஒரு மாதமாகத் தெரியும் என்பதை மட்டும் அங்கே சொல்ல முடியவில்லை. இந்தப் பக்கத்தைப் படித்தால் அவர்களுக்கும் தெரிந்துவிடும். காட்டுங்கள்.

வெளியாட்கள் பதிவேட்டில் அக்டோபர் 22ஆம் தேதிப் பக்கத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறேன். 'நகரில் தெரிந்தவர்' கட்டத்தில் 'யாருமில்லை' என்பதை அடித்து, 'மகள் ஜீவிதா, சங்க அலுவலகம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

வேலையில் வைத்துக்கொள்வதும் நிறுத்துவதும் உங்கள் விருப்பம். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அம்மாவிடம் யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றும் கேட்கவில்லை. கேட்டால், தான்தான் தப்பாகக் கேட்டுவிட்டதாகச் சொல்லிவிடுவாள்.

ஒன்றே ஒன்றுதான். அம்மா கேட்ட வாரமே உங்களிடம் கேட்டிருக்க வேண்டியது. இந்தச் சனிக்கிழமை பெட்டியில் வேறு எதுவும் போடாமல் இதை மட்டும் போடுங்கள்.

'செவ்வாய்க்கிழமைகளில் கொசுப்புழு பார்க்க ஆள் வருவார்கள். கதவைத் திறந்து விடுங்கள். குடிக்கத் தண்ணீர் கேட்டால் கொடுங்கள்.'

அம்மா கேட்டது முதல் இரண்டும்தான். தண்ணீர் நான் சேர்த்தது. பெட்டியில் இடம் இருக்கிறது சார்.